ஆட்டோகேடில் ஹேட்ச் விழாத சுவர்: என் அனுபவம்

கணினியில் வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேட் கற்கத் தொடங்கியபோது சிறிய வீட்டு பிளான் ஒன்று வரைந்தேன். 230 மி.மீ. வெளிச்சுவருக்குள் ஹேட்ச் (மூடிய பரப்பைக் கோட்டு வடிவத்தால் நிரப்புவது) போட்டால், மூடிய எல்லை இல்லை என்றே செய்தி வந்தது. கண்ணுக்குக் கோடுகள் எல்லாம் சேர்ந்துதான் தெரிந்தன. அப்போது திரையில் தோன்றும் சிவப்பு வட்டங்களைக் கவனியுங்கள். விடுபட்ட முனைகளை அவைதான் காட்டும். அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நூலிழை இடைவெளி!

இரு கோடுகளின் மூலையை வளைவாக்கிச் சேர்க்கும் ஃபில்லெட் கட்டளை கொடுத்து முதல் கோட்டைத் தொட்டு, ஷிஃப்டை அழுத்தியபடி இரண்டாவதைத் தொட்டால் போதும்; வளைவின் ஆரம் 0 ஆகி மூலை கச்சிதமாகச் சேர்ந்துவிடும். இது தெரிந்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். ட்ரிம் (வெட்டுவது), எக்ஸ்டெண்ட் (நீட்டுவது) என்று மாறி மாறி அலைய வேண்டியதில்லை.

ஹேட்ச் அமைப்பில் கேப் டாலரன்ஸை, அதாவது பொறுத்துக்கொள்ளும் இடைவெளி அளவைக் கூட்டியும் ஒப்பேற்றலாம். நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். இடைவெளி அப்படியே கிடக்கும். பரப்பளவு எடுக்கும்போது மறுபடி தொல்லை.

இப்போதெல்லாம் எஃப்3 அழுத்தி ஆப்ஜெக்ட் ஸ்நாப்பை (கோட்டு முனைகளைத் துல்லியமாகப் பிடிக்கும் வசதி) இயக்கிவிட்டுத்தான் கோடே போடுகிறேன். வெளிச்சுவரைப் பாலிலைனாக (ஒரே தொடர் கோடாக) வரைந்து, கடைசியில் அதை மூட குளோஸ் கொடுத்து, 230 மி.மீ. தள்ளி இணைகோடு போட ஆஃப்செட் செய்கிறேன். ஹேட்ச் ஒரே சொடுக்கில் விழுகிறது.