சத்துணவுக்குப் பெற்றோரைச் சம்மதிக்க வைப்பது எப்படி?

நான் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியை. மதியச் சத்துணவும் காலை உணவும் இரண்டுமே எங்கள் பள்ளியில் உண்டு. புதிதாகப் பொறுப்புக்கு வரும் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "இலவசமாத்தானே போடறோம், அப்புறம் ஏன் டீச்சர் பாதிப் பேர் டப்பா கட்டி அனுப்பறாங்க?" அவர்களுக்காக, எங்கள் பள்ளியில் பலித்ததை எழுதுகிறேன்.

முதலில் வீட்டுக்காரர்கள் சொல்லும் காரணத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். "பிள்ளைக்கு ஒத்துக்கல" என்பார்கள். ஒரு வீட்டில் அது உண்மையாகவே வயிற்றுக் கோளாறு. அடுத்த வீட்டில், "இல்லாதவங்க சாப்பிடறது" என்ற கூச்சம். இன்னொரு வீட்டில் சமையலறை சுத்தமாக இருக்குமா என்ற சந்தேகம். மூன்றுக்கும் ஒரே நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் ஒன்றுக்கும் பதில் ஆகாது. சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வரும்போது வாசலில் நின்று பேசுங்கள். "காலையில எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்பறீங்க?" என்று ஆரம்பித்தால் போதும். நூறு நாள் வேலைக்கோ மில் வேலைக்கோ விடியலில் கிளம்பும் அம்மாவிடம் ஊட்டச்சத்து பற்றிப் பாடம் நடத்தத் தேவையில்லை. முதல் மணி அடிப்பதற்கு முன்பே பிள்ளை சூடாகச் சாப்பிட்டிருக்கும் என்பது ஒன்றே அவருக்குப் பெரிய விஷயம்.

கூச்சத்தைப் பெரும்பாலும் உண்டாக்குவது நாம்தான். வகுப்பில் "சத்துணவுப் பிள்ளைங்க எல்லாம் எழுந்திருங்க" என்று சொல்லும் வழக்கம் பல பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. அதை முதலில் நிறுத்துங்கள். கணக்கு எடுக்க வேண்டுமென்றால் வருகைப் பதிவின்போதே பெயருக்கு எதிரில் குறித்துக்கொள்ளலாம். டப்பா கொண்டுவரும் பிள்ளையும் தட்டு ஏந்தும் பிள்ளையும் ஒரே வரிசையில், கலந்து உட்காரட்டும். கொண்டைக்கடலை புலாவும் மசாலா முட்டையும் போடும் அன்றைக்கு டப்பாப் பிள்ளைகள் பக்கத்துத் தட்டை எட்டிப் பார்ப்பார்கள். அன்று ராத்திரி வீட்டில் நடக்கும் பேச்சு, நாம் நடத்தும் எந்தக் கூட்டத்தையும்விட நன்றாக வேலை செய்யும்.

சுத்தம் பற்றிய சந்தேகத்துக்கு ஒரே மருந்து, சமையலறைக் கதவைத் திறந்து விடுவதுதான். பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவராவது ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. எங்கள் பள்ளியில் அதோடு ஒரு பெற்றோரையும் முறை வைத்துக் கூப்பிடுகிறோம். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களை மட்டும் கூப்பிடாதீர்கள், அவர்கள் ஏற்கெனவே நம் பக்கம். குறை சொல்பவரைக் கூப்பிடுங்கள்.

அப்படி ஓர் அம்மா வந்தார். மகளுக்கு டப்பாதான் கொடுத்தனுப்புவார். சோற்றில் இரண்டு பருக்கையை விரலில் நசுக்கிப் பார்த்தார். பருப்பு டப்பாவின் மூடியைத் திறந்து மோந்தார். அரிசி மூட்டை தரையில் இல்லாமல் பலகை மேல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். எல்லாம் சரி. கடைசியில் அண்டா இறக்கும் துணியைத் தூக்கிக் காட்டி, "இதை எப்பக்கா துவைச்சீங்க?" என்றார். சமையலர் அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. நான் அதை அப்படியே நோட்டில் எழுதி, மறுநாளே இரண்டு புதுத் துணி வாங்கிக் கொடுத்து, அந்த அம்மாவுக்கும் காட்டினேன். அடுத்த வாரம் மகள் தட்டோடு வந்தாள். தெருவில் மற்ற அம்மாக்களிடம் அவர் என்ன சொன்னாரோ தெரியாது, இன்னும் சில டப்பாக்கள் காணாமல் போயின. ஆகவே ஒரு நோட்டு வையுங்கள். குறையை எழுதி, சரிசெய்த தேதியைப் பக்கத்தில் போடுங்கள். "சாம்பார் தண்ணியா இருக்கு" என்று எழுதினால் கோபப்படாதீர்கள். பல நாள் தண்ணியாகத்தான் இருக்கும்.

உப்புமா பிரச்சினை தனி. காலை உணவில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மாறி மாறி வந்தாலும் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்வது உப்புமாவை மட்டும்தான். சாம்பாரில் காய் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தால் புகார் பாதி குறைந்துவிடும். பல ஊர்களில் சமைப்பது மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள், அவர்களில் பலருடைய பிள்ளைகள் அதே பள்ளியில் படிக்கிறார்கள். "உங்க பிள்ளை சாப்பிடறதைத்தான் என் பிள்ளையும் சாப்பிடுது" என்று அவர்களே சொல்லட்டும், நாம் சொல்வதைவிட எடுபடும்.

முட்டை சாப்பிடாத வீடுகளுக்கு வாழைப்பழம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சேர்க்கையின்போதே சொல்லிவிடுங்கள். எந்தப் பொருளாவது ஒவ்வாமல் போகுமா என்றும் அப்போதே கேட்டுக் குறித்துச் சமையலரிடம் கொடுங்கள்.

தாத்தா பாட்டிகளை மறந்துவிடாதீர்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920-இல் மதிய உணவு தொடங்கிய வரலாற்றை இளம் பெற்றோரிடம் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் காமராஜர் காலத்து மதிய உணவைச் சாப்பிட்ட தாத்தாவும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில் வளர்ந்த பாட்டியும் இன்றும் பல வீடுகளில் இருக்கிறார்கள். சுதந்திர தின விழாவுக்கு அவர்களை அழைத்து, பிள்ளைகளோடு பந்தியில் உட்கார வையுங்கள். மருமகளிடம் பேச வேண்டியதை அவர்கள் பேசிக்கொள்வார்கள்.

இப்போது கடினமான ஒன்று. சமைப்பவரின் சாதியைப் பார்த்துப் பிள்ளையைத் தடுக்கும் வீடும் வரும். வெளியே "வயிறு ஒத்துக்கல" என்றுதான் சொல்வார்கள். இங்கே பேரம் பேசாதீர்கள், சமையலரை மாற்றுவதாக வாய்தவறிக்கூடச் சொல்லாதீர்கள். 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் அப்படி ஒரு சமையலரை இடம் மாற்றப்போய், போராட்டம் வெடித்து, உத்தரவைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. நான் செய்வது, எல்லோரும் பார்க்க அந்த அக்கா கையால் முதல் தட்டை வாங்கி, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவது. பட்டியல் சாதி, பழங்குடிச் சமையலரை யாராவது சாதியைச் சொல்லி மிரட்டினால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் என்பதை மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லி, தீர்மான நோட்டிலும் ஏற்றிவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் தினமும் சாப்பாட்டுப் படம் போடலாம், பிள்ளைகளின் முகம் வேண்டாம். நீண்ட அறிவிப்பை யாரும் படிப்பதில்லை, அரை நிமிடக் குரல் செய்தி போதும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் அதைக் கேட்பார்.

இவ்வளவுக்குப் பிறகும் சில வீடுகள் டப்பாதான் கொடுக்கும். கொடுக்கட்டும், அது அவர்கள் விருப்பம். ஆனால் டப்பா மறந்து வரும் நாளில் அந்தப் பிள்ளைக்கும் ஒரு தட்டு உண்டு என்பதைச் சமையலரிடமும் பெற்றோரிடமும் ஜூன் மாதமே சொல்லி வையுங்கள்.