செப்புக் கம்பியில் கழுத்து விழுவதை ஒரு வாளித் தண்ணீரால் பார்ப்பது எப்படி

கல்லடியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்போது தகைப்பு-விகார வரைபை, அதாவது ஒரு சதுர மில்லிமீற்றருக்கு எவ்வளவு விசை கொடுத்தால் எவ்வளவு விகிதம் நீளும் என்ற வரைபை, பலகையில் கீறினால் எழுதிக்கொள்வார்கள், கம்பியை இழுத்து அறுத்துக் காட்டினால்தான் கேள்வி கேட்பார்கள். அறுவதற்கு முன் கம்பி ஓரிடத்தில் மட்டும் ஒடுங்குவதைத்தான் கழுத்து விழுதல் என்கிறோம். அதனால் இதை ஒருமுறை வீட்டில் செய்து பாருங்கள், செலவே இல்லை.

வயரிங் வேலையில் மிஞ்சிய 7/0.67 வயரில் (0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு செப்பு இழை கொண்டது) ஒரு மீற்றர் எடுங்கள். பிளேடை ஆழமாக ஓட்டாமல் மேலுறையை மட்டும் கீறி உரித்து, ஏழு இழையில் ஒன்றைப் பிரித்து நேராக்குங்கள். செம்பில் சின்னக் கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில்தான் அறும், பிறகு நீங்கள் பார்ப்பது கீறலின் பலவீனம், செம்பின் குணம் அல்ல. முடிச்சும் அப்படித்தான். இரண்டு முனையையும் வழுவழுப்பான பீவீசி குழாய்த் துண்டில் நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டுக் கட்டுங்கள். நடுவில் 20 சென்ரிமீற்றருக்கு மார்க்கரால் இரண்டு அடையாளம்.

மாமரக் கொப்பில் தொங்கவிட்டு, கீழே வாளியைக் கட்டுங்கள். கம்பி நன்றாக நீளும், ஆகவே வாளி நிலத்திலிருந்து முழங்கால் உயரத்திலாவது இருக்கட்டும். கண்ணாடி போடுங்கள், அறுந்த கம்பி முகத்துக்கு வரும்.

ஒரு லீற்றர் போத்தலால் மெதுவாக ஊற்றுங்கள். இரண்டு மூன்று போத்தலுக்குப் பிறகு நீளுவது கண்ணுக்கே தெரியும். ஐந்தில் நிறுத்தி, தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து நிரப்புங்கள். இந்தமுறை ஐந்து போத்தலை நெருங்கும்வரை அடையாளங்கள் கிட்டத்தட்ட அசையாது! இழுபட்ட செம்பு கடினமாகிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

தொடர்ந்து ஊற்றுங்கள். இழையின் குறுக்குப் பரப்பு 0.35 சதுர மில்லிமீற்றர், மென்செம்பு சதுர மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 220 நியூற்றன் தாங்கும், ஆக வாளியோடு சேர்த்து 8 கிலோவுக்கு அருகில் அறுந்துவிடும்.

சரி, கழுத்து ஏன் விழுகிறது? நீளும்போது கம்பி மெலிகிறது, கூடவே கடினமாகிறது. கடினமாவது முந்தும்வரை, எங்காவது கொஞ்சம் மெலிந்த இடம் பக்கத்து இடங்களைவிட உறுதியாகிவிடுவதால் நீட்சி வேறிடத்துக்குப் போய், கம்பி முழுக்கச் சமமாக நீளும். மெலிவது முந்திய கணமே அந்த ஓரிடம் பலவீனமாக நின்று, மிச்ச நீட்சி முழுவதையும் தானே வாங்கிக்கொள்கிறது. இதைக் கணக்காக்கிக் காட்டியவர் பிரெஞ்சுப் பொறியியலாளர் கொன்சிடேர், 1885இல். வரைபு கடைசியில் கீழிறங்குவதைப் பார்த்து உலோகம் தளர்ந்துவிட்டது என்று எழுதாதீர்கள், பாரத்தைக் கம்பியின் ஆரம்பப் பரப்பால் வகுப்பதால் வரும் தோற்றம் அது. கழுத்தின் உண்மைப் பரப்பால் வகுத்தால் தகைப்பு ஏறிக்கொண்டேதான் போகும்.

வாளி முறையில் ஒரு குறை உண்டு. பாரம் குறையாததால் கழுத்து விழுந்த உடனே அறுந்துவிடும், மெல்ல வளர்வதைப் பார்க்க முடியாது. பரிசோதனை இயந்திரம் சீரான வேகத்தில் இழுப்பதால்தான் அங்கே அது தெரிகிறது. ஆனால் அறுந்த முனையைக் கைப்பேசிக் கமெராவில் பெருப்பித்துப் பாருங்கள், பென்சில் கூர்போல ஒடுங்கியிருக்கும். பட்டறைப் பக்கம் போனால் உடைந்த வார்ப்பிரும்புத் துண்டு ஒன்றையும் வாங்கிவந்து பக்கத்தில் வையுங்கள், கழுத்தே இல்லாமல் மட்டமாக முறிந்திருக்கும்.