பெடல் மாற்றினால் வேகம் கூடுமா? ரோடு பைக் ஓட்டுபவர்களுக்கு

சமதளத்தில் சீராக மிதிக்கும்போது பூட்டு இல்லாத சாதாரண ஃப்ளாட் பெடலுக்கும், ஷூவைப் பூட்டிக்கொள்ளும் கிளிப்லெஸ் பெடலுக்கும் வேகத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 'பூட்டிக்கொண்டால் காலை மேலே இழுத்தும் ஓட்டலாம்' என்று கடையில் சொல்வார்கள். க்ராங்கை, அதாவது பெடல் மாட்டியிருக்கும் கையை, கடிகார முள்ளாக நினைத்துக்கொண்டால், உந்துவிசையின் பெரும்பங்கு 1 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில்தான் கிடைக்கிறது. தேர்ந்தவர்கள்கூட மேலே வரும் காலை இழுப்பதில்லை. அது எதிர்க் காலுக்குச் சுமையாகாதபடி லேசாக்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். வலிந்து இழுத்தால் மூச்சுதான் கூடுதலாக வாங்கும்.

பிறகு கிளிப்லெஸ் எதற்கு? கால் நழுவாது. ஸ்பிரின்ட் அடிக்கும்போதும், எழுந்து நின்று மேடு ஏறும்போதும், நிமிடத்துக்கு 100 சுற்றுக்கு மேல் மிதிக்கும்போதும், மழையிலும் இதன் அருமை தெரியும். மற்றபடி 28 கிமீ வேகத்தில் போகிறவர் 30-ஐத் தொட, காற்றை எதிர்க்க மட்டுமே 23 சதவீதம் அதிக சக்தி வேண்டும். அதைப் பயிற்சிதான் தரும்.

எதை வாங்கலாம்?

ஷூவின் அடியில் திருகி, பெடலில் பூட்டிக்கொள்ளும் துண்டுதான் கிளீட். 2 போல்ட்டில் மாட்டும் எஸ்பிடி வகையில் கிளீட் சிறியது, ஷூவின் அடியில் உள்ளடங்கி இருக்கும். டீக்கடையில் இறங்கினால் சாதாரணமாக நடக்கலாம். எஸ்பிடி-எஸ்எல், லுக் கியோ போன்ற 3 போல்ட் வகையில் கிளீட் அகலமானது, மிதிக்கும் விசை பாதத்தில் பரவலாக இறங்கும். ஆனால் நடந்தால் வழுக்கும், கிளீட்டும் சீக்கிரம் தேயும். வழியில் அடிக்கடி இறங்குகிறவர்களுக்கு எஸ்பிடியே போதும். பணம் இருந்தால் விறைப்பான அடிப்பாகமுள்ள ஷூவில் போடுங்கள்: மெத்தென்ற ஷூவில் சின்ன கிளீட் மாட்டினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பாதம் எரியத் தொடங்கும்.

கிளீட்டின் நிறத்தையும் பாருங்கள். எஸ்பிடி-எஸ்எல்லில் மஞ்சள் பூட்டிய பாதத்தைப் பக்கவாட்டில் 6 டிகிரி அசைய விடும், நீலம் 2, சிவப்பு அசையவே விடாது. முதல் ஜோடி மஞ்சளாகவே இருக்கட்டும்.

மாட்டும் முறை

இடது பெடலின் மரை தலைகீழானது. எந்தப் பக்கமானாலும் ஸ்பானரின் பிடியை மேலே நிறுத்தி, முன் சக்கரப் பக்கம் தள்ளினால் இறுகும், பின் சக்கரப் பக்கம் தள்ளினால் கழலும். 15 மிமீ ஸ்பானர் அல்லது பெடலுக்கேற்ற ஆலன் கீ வேண்டும். மரையில் கிரீஸ் தடவி, முதல் நான்கைந்து சுற்றை விரலாலேயே திருகுங்கள். விரலுக்கு மசியவில்லை என்றால் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். அங்கே ஸ்பானரைப் போட்டால் அலுமினிய க்ராங்கின் மரை போய்விடும். கிரீஸ் இல்லாமல் மாட்டினாலோ சத்தம் வரும், பிறகு கழற்றவும் வராது.

கிளீட்டுக்கு, ஷூவை அணிந்துகொண்டு கட்டைவிரலுக்குப் பின்னால் புடைத்திருக்கும் எலும்பைத் தடவிப் பார்த்து, அந்த இடத்தில் டேப் ஒட்டுங்கள். பெடலின் அச்சு அந்தக் கோட்டிலோ, அதற்கு 5 மிமீ பின்னாலோ வரவேண்டும். உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் பாதம் இயல்பாக எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அதே கோணத்தை கிளீட்டுக்கும் கொடுங்கள். போல்ட்டுகளை 5 முதல் 6 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கலாம். பெடலின் பிடிப்பை மிகக் குறைவாக வைத்து, சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு காலையும் 20 முறை மாட்டி, குதிகாலை வெளியே திருப்பிக் கழற்றிப் பழகுங்கள். விழுவது பெரும்பாலும் சிக்னலில், வண்டி நின்றபிறகுதான். நிற்பதற்குப் பத்து மீட்டர் முன்பே இடது காலைக் கழற்றிவிடுங்கள்.

பெடலோ ஷூவோ மாறினால் சீட் உயரமும் மாறும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புதிய கூட்டணியில் பாதம் அச்சிலிருந்து 4 மிமீ மேலே போயிருந்தால் சீட்டையும் 4 மிமீ ஏற்றுங்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வா என்று முதலில் பாருங்கள், பின்பக்கம் வலித்தால் உயரமா என்று. உள்ளோ வெளியோ ஓரமாக வலித்தால் கிளீட் கோணத்தைச் சந்தேகிக்கலாம். இப்படி வலிக்காகத் திருத்தும்போது ஒரு தடவைக்கு 2 மிமீக்கு மேல் எதையும் நகர்த்தாதீர்கள்.

பயிற்சி

முதலில் அளவு தெரியவேண்டும். 15 நிமிடம் உடலைச் சூடாக்கிவிட்டு, 20 நிமிடம் கடைசிவரை தாக்குப்பிடிக்கும் அதிகபட்ச வேகத்தில் ஓட்டுங்கள். மிதிக்கும் சக்தியை அளக்கும் பவர் மீட்டர் இருந்தால், அது காட்டும் சராசரியில் 95 சதவீதம்தான் உங்கள் எஃப்டிபி, அதாவது சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச சக்தி. இல்லாவிட்டால் பேச்சை வைத்துக் கணிக்கலாம்: முழு வாக்கியம் பேச முடிந்தால் இலகு, மூன்று நான்கு வார்த்தையில் மூச்சு முட்டினால் எஃப்டிபி அளவு.

வாரம் நான்கு நாள் கிடைத்தால்:

செவ்வாய்: எஃப்டிபியில் 90–95 சதவீதத்தில் 10 நிமிடம், மூன்று முறை, நடுவில் 5 நிமிடம் இலகு. வாராவாரம் 12, 15 என்று கூட்டி, கடைசியில் 20 நிமிடம் இரண்டு முறை.
வியாழன்: 106–115 சதவீதத்தில் 4 நிமிடம், ஐந்து முறை, நடுவில் 4 நிமிடம் இலகு.
சனி: ஒரு மணி நேரம் இலகு.
ஞாயிறு: இரண்டரை முதல் மூன்று மணி நேரம் இலகு.

நான்காவது வாரம் நேரத்தைப் பாதியாக்குங்கள். வியாழக்கிழமை முதல் சுற்றில் வேகம் காட்டி நான்காவதில் தளர்கிறவர்கள்தான் அதிகம். ஐந்தாவது சுற்று முதல் சுற்றின் சக்தியிலேயே முடியவேண்டும். இன்னொரு பெரிய தவறு, ஞாயிற்றுக்கிழமை குழுவோடு போட்டி போட்டு இலகு நாளைக் கெடுத்துக்கொள்வது. செவ்வாய் கால் கனக்கும், அன்றைய பயிற்சி அரைகுறையாகும். எல்லா நாளும் நடுத்தர வேகமாகிவிட்டால் சில மாதங்களில் முன்னேற்றம் நின்றுவிடும்.

கேடன்ஸையும், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று மிதிக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். கியரை 50 பல் முன்னால், 20 பல் பின்னால் வைத்து நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் சுமார் 28 கிமீ வேகம் வரும். அதே வேகத்தை 50க்கு 14-ல் 63 சுற்றிலும் எட்டலாம், ஆனால் ஒவ்வொரு மிதியிலும் தொடைக்கும் முழங்காலுக்கும் பாரம் கூடும். பழக்கமில்லாதவர்கள் வாரத்துக்கு 5 சுற்று வீதம் ஏற்றினால் போதும்.

ஆறு வாரம் கழித்து அதே 20 நிமிடச் சோதனையை அதே நேரத்தில், அதே டயர் காற்றழுத்தத்தில், அதே சாலையில் செய்யுங்கள். பவர் மீட்டர் இல்லாதவர்கள் ஒரு குறிப்பிட்ட தூரத்தைப் போக ஒரு முறை, வர ஒரு முறை ஓட்டி இரண்டு நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஈசிஆர் மாதிரி கடலோரச் சாலையில் ஒரு திசையில் மட்டும் எடுத்த சராசரி, அன்றைக்கு அடித்த காற்றின் கணக்குதான்.