அபுனைவு நூலுக்கு மதிப்புரை எழுதுவது எப்படி? வடசென்னை வாசகர்களுக்கு ஒரு செய்முறை

நாவலைப் பற்றியும் சிறுகதையைப் பற்றியும் எழுத நம்மிடம் ஆள் நிறைய இருக்கிறார்கள். வரலாறு, தன்வரலாறு, பண விஷயம், உடல்நலம், அறிவியல், ஒரு ஊரைப் பற்றிய ஆய்வு என்று நடந்ததையும் இருப்பதையும் சொல்கிற அபுனைவுப் புத்தகம் என்றால் மட்டும் "நல்ல புத்தகம், வாங்கிப் படிங்க" என்று ஒரு வரி போட்டு அட்டைப்படத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த ஒரு வரியை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது.

இதை வடசென்னைக்காரர்களை மனதில் வைத்து எழுதக் காரணம் இருக்கிறது. நம் பகுதியைப் பற்றி வருகிற புத்தகங்களில் நிறைய, வெளியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் எழுதியவை. அவர்கள் எழுதியது சரியா, பாதி சரியா, யாரை விட்டுவிட்டார்கள் என்று சொல்லக் கூடியவர்கள் ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் எண்ணூரிலும் இருக்கிறீர்கள். நீங்கள் எழுதாவிட்டால் அந்தப் புத்தகம் சொன்னதே கடைசி வார்த்தையாக நின்றுவிடும். பட்டம் எதுவும் தேவையில்லை. ஒரே ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும்: இது இவருக்கு எப்படித் தெரியும்?

படி 1: உங்களுக்குக் கொஞ்சமாவது தெரிந்த விஷயத்தில் ஆரம்பியுங்கள்

முதல் மதிப்புரைக்கு உலகப் போர் பற்றிய 800 பக்கப் புத்தகம் வேண்டாம். உங்கள் தொழில், உங்கள் தெரு, வீட்டில் அடிக்கடி பேசுகிற விஷயம், இதில் ஏதாவது ஒன்றைத் தொடுகிற சின்னப் புத்தகமாக எடுங்கள். துறைமுகத்தில் வேலை பார்ப்பவர் கப்பல் வணிகம் பற்றி எழுதலாம், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவர் உடல்நலப் புத்தகத்தைப் பற்றி எழுதலாம். காசு கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை, பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேர்ந்தால் போதும்.

படி 2: அட்டையைத் திருப்பியதும் ஆண்டைப் பாருங்கள்

தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் பொடி எழுத்தில் முதல் பதிப்பு, மறுபதிப்பு, பதிப்பகம், விலை, மொழிபெயர்ப்பு என்றால் மூலமொழி எல்லாம் இருக்கும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அபுனைவில் ஆண்டு தெரியாமல் சரி தவறு சொல்ல முடியாது.

காசிமேட்டை எடுத்துக்கொள்வோம். மீனவர் வாழ்க்கை பற்றிய ஒரு புத்தகத்தில் "மீன்பிடித் தடைக்காலம் 45 நாள்" என்று படிக்கிறீர்கள். காசிமேட்டுக்காரர் யாரைக் கேட்டாலும் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் என்பார். உடனே "ஆசிரியருக்கு அடிப்படையே தெரியவில்லை" என்று எழுதிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் முன்பு 45 நாளாகத்தான் இருந்தது, 2017இல்தான் 61 ஆனது. புத்தகத்தின் முதல் பதிப்பு 2012 என்றால் ஆசிரியர் எழுதியது சரி. மறுபதிப்பு 2021 என்று போட்டுவிட்டு உள்ளே ஒரு எழுத்தையும் மாற்றாமல் விட்டிருந்தால் அது பதிப்பகத்தின் அசட்டை, அதை அப்படியே எழுதுங்கள். 2020இல் புதிதாக எழுதிய புத்தகத்தில் 45 என்று இருந்தால் ஆசிரியர் துறைமுகப் பக்கம் வந்து ஒருவரிடமும் கேட்கவில்லை என்று சந்தேகப்பட நியாயம் உண்டு. இன்னொன்றும் பாருங்கள்: இந்தத் தடை விசைப்படகுகளுக்குத்தான். ஃபைபர் படகுகாரர்கள் அந்த நாட்களிலும் கரையை ஒட்டிக் கடலுக்குப் போகிறார்கள். "தடைக்காலத்தில் கடலே காலியாகிவிடும்" என்று ஒரு புத்தகம் சொன்னால் அது விசைப்படகுக்காரர்களிடம் மட்டும் பேசியிருக்கிறது என்று அர்த்தம்.

ஒரே ஒரு எண்ணை வைத்து இவ்வளவு சொல்ல முடிகிறது என்றால், நீங்கள் தினமும் பார்க்கிற விஷயத்தில் உங்களால் எவ்வளவு சொல்ல முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

படி 3: கையில் நோட்டு, ஓரத்தில் பக்க எண்

நூலகப் புத்தகத்தில் கோடு போடாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எதைப் படிக்கும்போது "அட" என்று தோன்றியதோ, எதைப் படிக்கும்போது "இது எப்படி?" என்று தோன்றியதோ, அந்தப் பக்க எண்ணை எழுதிப் பக்கத்தில் நாலு வார்த்தை போடுங்கள். முழுப் பக்கத்தையும் நகல் எடுக்க வேண்டாம். பக்க எண் மட்டும் கட்டாயம், எழுத உட்காரும்போது அதைத் தேடியே பாதி நேரம் போய்விடும்.

படி 4: இவருக்கு எப்படித் தெரியும்?

மதிப்புரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் இதில் நிதானமாக இருங்கள். ஒரு ஆசிரியருக்கு ஒரு விஷயம் தெரிய நாலைந்து வழிதான் உண்டு. நேரில் பார்த்திருப்பார், அனுபவித்தவரிடம் கேட்டிருப்பார், ஆவணத்தில் படித்திருப்பார், இன்னொரு புத்தகத்திலிருந்து எடுத்திருப்பார், இல்லை ஊகித்திருப்பார். எல்லாமே சரியான வழிதான், ஊகம் உட்பட. எது எந்த வழியில் வந்தது என்பதை அவர் மறைக்காமல் சொல்கிறாரா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். முன்னுரை, நன்றியுரை, அடிக்குறிப்பு மூன்றையும் படியுங்கள். நன்றியுரையில் யார் யார் பேர் இருக்கிறது என்பதே நிறையச் சொல்லிவிடும். மில் தொழிலாளர் பற்றிய புத்தகத்தின் நன்றியுரையில் பேராசிரியர்கள் மட்டும் இருந்து ஒரு தொழிலாளிகூட இல்லை என்றால் அது எழுத வேண்டிய விஷயம்.

நம்ம ஊர் உதாரணம் ஒன்று. பெரம்பூர் பக்கத்துப் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்களின் தொழிலாளர்களை வைத்து 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. அந்தச் சங்கத்தின் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் திரு.வி.க. அவருடைய 'வாழ்க்கைக் குறிப்புகள்' 1944இல் வந்தது. இப்படி உள்ளே இருந்தவர் எழுதியதற்கு ஈடு கிடையாது, மேடையும் கூட்டமும் பேச்சும் எப்படி இருந்தன என்பது அவருக்கு நேரடியாகத் தெரியும். அதே சமயம் அவர் ஒரு தரப்பில் நின்றவர். 1921இல் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் மோதல் மூண்டு புளியந்தோப்பில் கலவரமானது. அந்த மக்களின் பக்கத்தில் நின்று எம்.சி. ராஜா பேசியது வேறு மாதிரி இருந்தது. ஆக, 1921 பற்றி எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் இது யாருடைய கண் வழியாக வருகிறது, எதிர்ப்பக்கம் நின்றவரின் குரல் எந்தப் பக்கத்திலாவது கேட்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். ஒரு தரப்பில் நின்று எழுதியது குற்றமே இல்லை. படிப்பவருக்கு அது தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

தன்வரலாறு என்றால் நினைவாற்றலையும் கணக்கில் எடுங்கள். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது, அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. தன் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்த இளமைக் காலத்தை அவர் எழுதும்போது இடையில் அறுபது எழுபது வருடம் ஓடியிருக்கிறது. அந்த நூலின் மதிப்பு இதனால் இம்மியும் குறையவில்லை. ஆனால் "இவர் இப்படி நினைவுகூர்கிறார்" என்று எழுதுவதும் "இப்படித்தான் நடந்தது" என்று எழுதுவதும் ஒன்றல்ல, மதிப்புரையில் முதலாவதை எழுதப் பழகுங்கள்.

படி 5: இரண்டு மூன்று தகவலையாவது சரிபாருங்கள்

எல்லாவற்றையும் சரிபார்க்க நமக்கு நேரம் இல்லை, தேவையும் இல்லை. புத்தகம் அழுத்திச் சொல்கிற இரண்டு மூன்றை மட்டும் எடுங்கள். உதாரணமாக "இந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியது" என்று ஒரு ஊர் வரலாற்றில் இருந்தால், நமக்குப் பெருமையாக இருந்தாலும் நிறுத்திப் பார்க்க வேண்டும். இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853இல் பம்பாயிலிருந்து தானேவுக்குப் போனது. ராயபுரம் நிலையம் திறந்தது 1856இல், அது தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம். அந்தப் பெருமையே போதும், கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896இலிருந்து இருக்கிறது, பழைய நூல்களைத் தேட அங்கே போகலாம். அதைவிடப் பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். முன்பு சொன்ன பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் 1996இல் மூடப்பட்டது, அதில் வேலை பார்த்தவர்கள் பட்டாளத்திலும் ஓட்டேரியிலும் இன்னும் இருக்கிறார்கள். "ஐயா, இந்தப் புத்தகத்துல இப்படிப் போட்டிருக்கு, சரியா?" என்று பக்கத்தைக் காட்டிக் கேளுங்கள். அவர் சொல்வதையும் வேதவாக்காக எடுக்காமல், அவர் எந்தப் பிரிவில் எந்த வருடங்களில் இருந்தார் என்று சேர்த்துக் கேளுங்கள். புத்தகத்திடம் கேட்கிற கேள்வியை மனிதரிடமும் கேட்பதுதான் நியாயம். மதிப்புரையில் அவர் பேரைப் போட வேண்டாம், "மில்லில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர்" என்றால் போதும்.

படி 6: எழுதுங்கள்

முதல் பத்தியில் புத்தகம் எதைப் பற்றியது, ஆசிரியர் எதை நிறுவப் பார்க்கிறார் என்பதை மூன்று வரிக்குள் சொல்லிவிடுங்கள். அத்தியாயம் அத்தியாயமாகச் சுருக்கம் எழுதாதீர்கள், அது பரீட்சைக்கு. அப்புறம் உங்கள் நோட்டில் இருக்கிற பக்கங்களில் மிக வலுவான இரண்டையும் மிகப் பலவீனமான ஒன்றையும் எடுத்து விரித்து எழுதுங்கள்.

கற்பனையாக ஒரு மீனவர் புத்தகத்தை வைத்து இரண்டு விதமாக எழுதிப் பார்ப்போம். முதலாவது:

"மீனவர்களின் வாழ்க்கையை அருமையாகச் சொல்லும் நூல். மிகவும் உழைத்து எழுதியிருக்கிறார். அனைவரும் படிக்க வேண்டும்."

இரண்டாவது:

"ஆசிரியர் விசைப்படகில் கூடவே போய் வலை இழுப்பதைப் பார்த்திருக்கிறார், அந்த அத்தியாயத்தில் டீசல் வாடையும் ஐஸ் பெட்டியின் கனமும் தெரிகிறது. ஆனால் படகு கரைக்கு வந்ததோடு புத்தகம் நின்றுவிடுகிறது. விடியற்காலை ஏலத்தில் கூடை எடுத்து, தெருத்தெருவாகப் போய் விற்று, அந்தக் காசில் வீட்டை நடத்துகிற பெண்கள் இருநூறு பக்கத்தில் ஒரு இடத்திலும் பேசவில்லை. கடலை அறிய இந்தப் புத்தகத்தைப் படியுங்கள். கரையை அறிய வேறு புத்தகம் தேட வேண்டும்."

இரண்டாவதில் புகழ்ச்சியும் குறையும் இரண்டுமே கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்கிறது, படிப்பவர் தனக்கு வேண்டுமா வேண்டாமா என்று தானே முடிவு செய்துகொள்வார்.

பண விஷயப் புத்தகங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இவற்றில் பாதி மொழிபெயர்ப்பு. மாதச் சம்பளம் வாங்குபவரை மனதில் வைத்து, இன்னொரு நாட்டின் வரியையும் ஓய்வூதியக் கணக்கையும் வைத்து எழுதியவை. "வருமானத்தில் 20 சதவீதத்தை முதலில் எடுத்து வையுங்கள்" என்கிற அறிவுரை, காலையில் தண்டலுக்கு (அன்றாடம் கட்டி அடைக்கிற கடன்) கட்ட வேண்டிய காசைச் சவாரியில் தேடுகிற ஆட்டோக்காரருக்கு எப்படிப் பொருந்தும்? பொருந்துகிறதா என்று உங்கள் வீட்டுக் கணக்கை வைத்துப் போட்டுப் பார்த்து, வந்த முடிவை எழுதுங்கள். தண்டலும் ஏலச்சீட்டும் எப்படி ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும், அந்த ஆசிரியருக்குத் தெரியாது. உடல்நலப் புத்தகம் என்றால் "ஆய்வுகள் சொல்கின்றன" என்ற வரியில் நின்று எந்த ஆய்வு, எத்தனை பேரிடம், எங்கே வெளியானது என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்கிற புத்தகத்தை எந்தக் காரணத்துக்காகவும் பரிந்துரைக்காதீர்கள்.

படி 7: போடுவதற்கு முன்

மொழிபெயர்ப்பாளர் பேரை விட்டுவிடாதீர்கள், நீங்கள் படித்த ஒவ்வொரு வாக்கியமும் அவர் எழுதியது. மேற்கோள் போட்டால் எழுத்து மாறாமல் போட்டுப் பக்க எண் கொடுங்கள். எழுதியதில் கோபம் இருந்தால் அது புத்தகத்தின் மேல் இருக்கிறதா, ஆசிரியர் மேல் இருக்கிறதா என்று ஒரு முறை படித்துப் பாருங்கள். ஆசிரியரின் சாதி, கட்சி, குடும்பம் பற்றிய வரி இருந்தால் அடித்துவிடுங்கள், புத்தகத்தில் அது வேலை செய்கிற இடத்தைப் பக்கத்தோடு காட்ட முடிந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஐநூறு வார்த்தை தாராளம். பதிப்பகம், ஆண்டு, விலை மூன்றையும் கடைசியில் போடுங்கள், நூலகத்தில் எடுத்தது என்றால் எந்தக் கிளை என்றும் சொல்லுங்கள், பக்கத்துத் தெருக்காரர் போய் எடுத்துக்கொள்வார்.

போட்ட பிறகு ஆசிரியரோ இன்னொரு வாசகரோ வந்து நீங்கள் சொன்ன ஒரு தகவலைத் திருத்தினால், சரிபார்த்துவிட்டு மதிப்புரையின் கீழேயே தேதி போட்டுத் திருத்தத்தைச் சேருங்கள். பழைய வரியை அழிக்க வேண்டாம், இரண்டும் இருக்கட்டும்.