ஒரே ஒருவரிடம் கேட்டு எழுதாதீர்கள்: இறுதி நிகழ்வு நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறுதி நிகழ்வை நடத்திக் கொடுப்பது என் வேலை. சமயச் சடங்கு வேண்டாம் என்கிற குடும்பங்களும் அழைப்பார்கள், சடங்கோடு சேர்த்து இறந்தவரைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும் என்கிற குடும்பங்களும் அழைப்பார்கள். வீட்டாரைச் சந்தித்து விவரம் கேட்க வேண்டும், வாழ்க்கைக் குறிப்பை எழுத வேண்டும், யார் எப்போது பேசுவது, எந்தப் பாட்டை எப்போது போடுவது என்று வரிசைப்படுத்த வேண்டும், அன்றைக்கு முன்னால் நின்று நடத்த வேண்டும். புதிதாக இந்த வேலைக்கு வந்தவர்கள் நடத்துவதைச் சமீப காலமாகப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறேன். நாங்கள் அந்தக் காலத்தில் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் அவர்களும் விழுகிறார்கள்.

நேரத்துக்குப் போவது, செல்போனை அணைப்பது, பெயரைச் சரியாகச் சொல்வது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை யாருக்கும் தெரிந்தவை. தெரியாமலேயே செய்கிற தவறுகளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஒருவர் சொன்னதைக் குடும்பமே சொன்னதாக எடுத்துக்கொள்வது

எத்தனை முறை சொன்னாலும் இது மறுபடி மறுபடி நடக்கிறது. ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது.

ஒரு சாவு விழுந்த வீட்டில் யாராவது ஒருவர் பொறுப்பை ஏற்றுக்கொள்வார். மூத்த மகன், மருமகள், தம்பி, யாராகவும் இருக்கலாம். போன் பேசுவதும் பணம் கட்டுவதும் அவர்தான், உங்களை அழைப்பதும் அவர்தான். தெளிவாகப் பேசுவார். பிறந்த தேதி, படித்த பள்ளி, வேலை பார்த்த இடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதியே வைத்திருப்பார். புதிதாக வந்தவருக்கு அது பெரிய நிம்மதி. ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது என்று எழுந்து வந்துவிடுவார். அவருக்குக் கிடைத்தது அந்த ஒருவர் மனசில் இருக்கும் அப்பா மட்டும்தான். மற்றவர்கள் மனசில் இருக்கும் அப்பாவைப் பற்றி அவர் விசாரிக்கவே இல்லை.

அப்படி ஒரு நிகழ்வுக்குப் போயிருந்தேன். நடத்தியவர் புதியவர், நல்ல குரல், எழுத்தும் நன்றாகவே இருந்தது. விவரம் முழுக்க மூத்த மகனிடம் வாங்கியது. 'அவருக்கு இரண்டு மகன்கள்' என்று தொடங்கும் பத்தியை வாசித்தபோது, பின்வரிசை ஓரத்தில் இருந்த ஒரு பெண்மணி தலையை நிமிர்த்தினார். அதற்குப் பிறகு கடைசி வரை அவர் தலையைக் குனியவே இல்லை. எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு நேராக முன்னால் வந்தார். "அந்தப் பேப்பரைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார். வாங்கி, விரலை ஓட்டி, அந்த வரியில் நிறுத்தினார். "அப்பாவுக்கு மூணு பிள்ளைங்க. நான் நடுவுல பொறந்தவ. தினம் சாயங்காலம் என்கிட்டதான் போன்ல பேசுவாரு." தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அண்ணனுக்கும் தங்கைக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தங்கையின் பெயரை அண்ணன் சொல்லவில்லை, நடத்தியவர் கேட்கவில்லை. நடத்தியவர் மன்னிப்புக் கேட்டார், எழுதியதைத் திருத்தி அனுப்புகிறேன் என்றார். திருத்தி யாருக்குப் படிப்பது? இந்த வேலையில் மறு ஒத்திகையும் கிடையாது, இரண்டாவது நாளும் கிடையாது. அன்றைய நிகழ்வு பதிவாகியும் இருந்தது. தன் அப்பாவுக்குத் தான் பிள்ளையே இல்லை என்று ஊரறியச் சொன்ன அந்தப் பதிவு அந்தக் குடும்பத்தில் காலத்துக்கும் இருக்கும்.

'குடும்பச் சண்டைக்கு நாம் என்ன செய்ய முடியும்' என்று சிலர் என்னிடம் வாதாடுவார்கள். சண்டையைத் தீர்க்க யாரும் உங்களைக் கூப்பிடவில்லை. ஆனால் அந்தச் சண்டையில் ஒரு தரப்பின் வாயாக நீங்கள் ஆகிவிடக் கூடாது. உங்களை அழைத்தவரும் பணம் கொடுத்தவரும் ஒருவராக இருக்கலாம். அங்கே வந்து உட்காரும் அத்தனை பேருக்கும் துக்கம் உண்டு.

கென்னத் டோகா என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1989-ல், ஊர் அங்கீகரிக்காத துக்கம் என்று ஒரு வகையைப் பற்றி விரிவாக எழுதினார். பிரிந்துபோன மனைவி, வெளியே சொல்லாத துணை, கருவிலேயே கலைந்த குழந்தையின் தாய், இவர்களுக்கு இழப்பு உண்டு. ஆனால் 'உனக்கு என்ன ஆச்சு' என்று கேட்க ஆள் இருக்காது. இவர்கள் முன்வரிசையில் இருக்க மாட்டார்கள், உங்கள் சந்திப்புக்கும் வர மாட்டார்கள். நீங்களாகத் தேடினால்தான் கிடைப்பார்கள்.

தேடுவது பெரிய வித்தை இல்லை. சந்திப்பில் முதல் வேலையாக ஒரு வெள்ளைத்தாளை மேசையில் வைத்து, இருப்பவர்கள் கண் முன்னாலேயே குடும்ப மரத்தை வரையுங்கள். வரையும்போது வாய்விட்டுக் கேளுங்கள்: இதற்கு முன் திருமணம் உண்டா, தவறிப்போன குழந்தை உண்டா, வளர்த்த பிள்ளை யாராவது உண்டா. "பிள்ளைங்க எத்தனை பேர்?" என்று கேட்டால் ஒரு எண் வரும், அதோடு முடிந்துவிடும். கோடு இழுத்து அடுத்தது யார் என்று கேட்டால், யாராவது ஒருவர் இன்னொருவர் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வையைக் கவனியுங்கள். அங்கேயே தோண்டிக் கேட்க வேண்டாம். கிளம்பும்போது வாசலில் தனியாக, "இங்க பேர் விட்டுப்போனா யாருக்கு மனசு கஷ்டமா இருக்கும்?" என்று கேளுங்கள். வாசலில் வருகிற பதில் கூடத்தில் வருவதில்லை.

அடுத்தது, குறைந்தது இன்னும் ஒருவரிடமாவது தனியாகப் பேசுங்கள். வேறு தலைமுறை ஆளாக இருந்தால் நல்லது. பேரன், பழைய சிநேகிதர், கடைசி நாட்களில் பார்த்துக்கொண்டவர், யாராக இருந்தாலும் சரி. இப்படிப் பேசப்போவதை உங்களை அழைத்தவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். "எல்லா நிகழ்வுக்கும் ரெண்டு மூணு பேர்கிட்ட பேசுவேன், அது என் வழக்கம்" என்றால் யாரும் தடுப்பதில்லை.

'அவள் பெயர் வரக் கூடாது' என்று கறாராகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? ஏற்பாடு செய்யும் உரிமை அவருக்கு இருக்கலாம், அதை மீற முடியாது. ஆனால் ஒரு பெயரைச் சொல்லாமல் விடுவது வேறு, இல்லாததை இருப்பதாகவோ இருப்பதை இல்லையென்றோ சொல்வது வேறு. 'இரண்டு மகன்கள்' என்று எண்ணிச் சொன்னால் அது பொய். 'பிள்ளைகள் மீது உயிரையே வைத்திருந்தார்' என்றால் அதில் மூன்று பேரும் அடங்குவார்கள். எண்ணிக்கை வேண்டாம், 'ஒரே' என்ற சொல் வேண்டாம். பெயர்ப் பட்டியலும் வேண்டாம். பட்டியல் போட்டால் விடுபட்ட பெயர்தான் முதலில் காதில் விழும். அதையும் தாண்டி, எண்ணிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும், அதுவும் பொய்யான எண்ணிக்கையை என்று வற்புறுத்தினால், அந்த வரியை வீட்டாரில் ஒருவரே படிக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். நான் அப்படித்தான் சொல்வேன்.

கடைசியாக, எழுதி முடித்ததும் முழு உரையையும் இரண்டு பேருக்காவது அனுப்புங்கள். அழைத்தவர் மட்டும் படித்து 'ஓகே' என்பது போதாது. அவர் சொன்னதைத்தானே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், அதில் அவர் கண்ணுக்குத் தவறு எப்படித் தெரியும்?

இறந்தவரைத் தெய்வமாக்குவது

குடிப்பழக்கத்தால் வீட்டையே ஆட்டிவைத்த ஒருவரை 'அன்பே உருவானவர்' என்று வாசித்தால், அந்த அடிகளை வாங்கியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். குற்றப்பத்திரிகை வாசிக்கவும் நாம் போகவில்லை. 'அவரோடு வாழ்வது எல்லோருக்கும் எளிதாக இருக்கவில்லை' என்று வீட்டாரின் சம்மதத்தோடு ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரிக்காக என் கையைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. நல்ல குணத்தைச் சொல்லும்போது குணத்தின் பெயரைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள். 'தாராள மனசு' என்பதைவிட, 'கடன் கொடுத்தால் நோட்டில் எழுதி வைக்க மாட்டார்' என்பது மனசில் நிற்கும்.

துக்கத்தின் ஐந்து படிநிலைகளைப் பாடம் நடத்துவது

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்தையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்து, "நீங்க இப்ப கோபத்துல இருக்கீங்க, அடுத்து தானா மாறிடும்" என்று ஆறுதல் சொல்கிறார்கள். எலிசபெத் கியூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் அதை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசிப் பார்த்து. பறிகொடுத்தவர்கள் வரிசையாக ஏற வேண்டிய படிக்கட்டு அது இல்லை.

வீட்டுக்குப் போனால் நீங்களே பார்ப்பீர்கள். அழுதுகொண்டிருந்தவர் அடுத்த நிமிடம் ஒரு பழைய கதையைச் சொல்லிச் சிரிப்பார், அதற்கடுத்த நிமிடம் மின்கட்டணத்தை யார் கட்டுவது என்று பேசுவார். மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷுட் என்ற ஆய்வாளர்கள் 1999-ல் எழுதியது இதற்கு நெருக்கமாக இருக்கிறது: மனசு இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய் வரும், அந்தப் போக்குவரத்தே துக்கத்தைத் தாங்கும் வழி. ஆகவே சிரிப்பைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். உரையிலும் அந்தச் சிரிப்புக்கு இடம் கொடுங்கள்.

டிஷ்யூ பெட்டியை நீட்டுவது

கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், நீட்டாதீர்கள். நீட்டினால் 'அழுதது போதும்' என்று காதில் விழும்.

உங்கள் வீட்டுச் சாவைப் பற்றிப் பேசுவது

வேண்டாம்.

குழந்தைகளிடம் 'தூங்குகிறார்' என்பது

சின்னக் குழந்தை அதை அப்படியே நம்பும். எழுந்து வருவார் என்று காத்திருக்கும், அல்லது தான் தூங்கவே பயப்படும். 'இறந்துவிட்டார், உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, இனி வலிக்காது, திரும்பி வர மாட்டார்' என்று எளிய சொற்களில் சொல்லச் சொல்லுங்கள். யார் சொல்வது என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும். அன்றைக்குக் குழந்தையோடு இருக்க, தேவைப்பட்டால் வெளியே கூட்டிக்கொண்டு போக, அதிகம் உடைந்துபோகாத ஒரு பெரியவரை முன்பே ஏற்பாடு செய்யுங்கள்.

தற்கொலையைக் கையாளும் விதம்

அதைச் சொல்வதா வேண்டாமா என்பது வீட்டாரின் முடிவு. சொல்வதென்று முடிவானால், எப்படி நடந்தது என்பதைத் தொடாதீர்கள். இன்ன காரணத்தால்தான் என்று ஒரே காரணத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குச் சொல்லும் வழிமுறையும் இதேதான், நம் கூட்டத்துக்கும் அது பொருந்தும். அந்தக் கூடத்திலேயே அதே எண்ணத்தோடு ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். 'இப்போதுதான் நிம்மதி கிடைத்தது' என்ற வரியை எக்காரணம் கொண்டும் எழுதாதீர்கள்.

பழைய உரையின் மேல் புதியதை எழுதுவது

வெற்றுக் கோப்பில் தொடங்குங்கள். முந்தையவரின் பெயர் எங்கோ ஒரு வரியில் ஒளிந்துகொண்டிருக்கும்.

நீளத்தைச் சொற்களில் கணக்கிடுவது

நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஆங்கிலப் பயிற்சியில் தரும் கணக்கு தமிழுக்கு ஒத்துவராது. நம் சொற்கள் நீளம், நிமிடத்துக்கு வெகு குறைவாகவே போகும். நின்றுகொண்டு, முழுக் குரலில், அன்றைக்குப் படிக்கப்போகும் வேகத்தில் படித்துக் கடிகாரத்தைப் பாருங்கள். அதற்கு மேலும் சில நிமிடம் மிச்சம் விடுங்கள், ஏனென்றால் பேச முன்வரும் உறவினர்கள் குறித்த நேரத்தில் முடிப்பதில்லை. அவர்கள் பேச்சின் நகலை முன்கூட்டியே வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் குரல் அடைத்தால் உடனே பாய்ந்து வாங்காதீர்கள். பக்கத்தில் போய் நில்லுங்கள், ஒரு மூச்சு நேரம் காத்திருங்கள். முக்கால்வாசிப் பேர் தாங்களே தொடர்ந்துவிடுவார்கள். முடியவில்லை என்று உங்களைப் பார்த்தால் மட்டும், விட்ட இடத்திலிருந்து நீங்கள் படியுங்கள்.

"எனக்கு மைக் வேண்டாம், குரல் கேட்கும்"

கூடத்தில் கேட்கலாம். தொலைவிலிருந்து நேரலையில் பார்ப்பவர்களுக்கு மைக் வழியாகப் போவது மட்டும்தான் கேட்கும். உறவினர் யாராவது மைக்கைவிட்டு விலகி நின்று பேசினால், வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு வாய் அசைவது மட்டும்தான் தெரியும். பேசுபவரை மெல்ல மைக் பக்கம் நகர்த்துவதும் உங்கள் வேலைதான்.

உரையைக் கொடுக்காமல் போவது

அன்றைக்குச் சொன்னதில் பாதி அவர்கள் காதில் ஏறியிருக்காது. சுத்தமாக அச்சிட்ட பிரதியைக் கொடுங்கள், பிரிந்து வாழ்கிற பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கொன்று.

ஒரே நாளில் இரண்டு நிகழ்வுகளை ஒப்புக்கொள்வது

முதல் குடும்பம் நேரம் கடந்து பேசிக்கொண்டிருக்கும்போது உங்கள் கண் கடிகாரத்துக்குப் போகும், அவர்களுக்கு அது தெரியும். இரண்டாவது வீட்டுக்குப் போகும்போது முதல் வீட்டு அழுகை உங்களோடு வந்திருக்கும். வருமானம் வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. அப்படியிருந்தும் குழந்தையின் மரணம், விபத்து, தற்கொலை என்றால் அன்றைக்கு அது ஒன்றுதான் என்று நாட்குறிப்பில் கோடு போட்டுவிடுங்கள். மறுநாள் காலையையும் காலியாக விடுங்கள். அந்த வீட்டிலிருந்து யாராவது போன் செய்தால் எடுத்துப் பேச உங்களுக்கு நேரம் இருக்க வேண்டும்.