நாலு பேர், ஒரே நெட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருங்குடி, வேளச்சேரி பக்கம் நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீடுகளில் நெட் சரிசெய்து கொடுக்கப் போவேன். பேச்சலர் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை இன்றைய பசங்களும் செய்கிறார்கள். பாஸ்வேர்டை ஊருக்கெல்லாம் கொடுப்பது, ரௌட்டரை பீரோவுக்குப் பின்னால் வைப்பது எல்லாம் தெரிந்த கதை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

வீடியோ கால் திக்கினால் பிளானை உயர்த்துவது

ஒரு வீட்டில் 40 எம்பிபிஎஸ் ஃபைபர், மாதம் 499 ரூபாய். நைட் ஷிஃப்ட் வேலையில் இருக்கும் தம்பி சொன்னார்: “அண்ணா, ஸ்பீட் டெஸ்ட்ல 40 வருது. ஆனா மீட்டிங்ல என் குரல் ரோபோ மாதிரி கேக்குதாம்.” என்னைக் கூப்பிடுவதற்குள் 799 ரூபாய்க்கு 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறி, ஆறு மாதப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிட்டார்கள். 18 சதவீத ஜிஎஸ்டியோடு கூடுதல் செலவு மட்டும் 2,124 ரூபாய். குரல் அதற்குப் பிறகும் திக்கியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வீடியோ காலுக்கு 3, 4 எம்பிபிஎஸ் போதும். ஹெச்டி படத்துக்கு 5 இருந்தால் தாராளம். நாலு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தாலும் 40-இல் பாதி மிஞ்சும்.

சிக்கல் அப்லோடில் இருந்தது. இரவு பத்து மணிக்கு மேல் இன்னொருவர் போனை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். போன் அன்றைய வீடியோக்களை கூகுள் போட்டோஸில் ஏற்றத் தொடங்கும். கிடைக்கிற வேகம் முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்ளும். உடனே அனுப்ப முடியாததை மோடம் தன் பஃபரில், அதாவது தற்காலிக நினைவகத்தில், வரிசையாக அடுக்கும். அங்கே 2 எம்பி (16 மெகாபிட்) தேங்கினாலே, 40 எம்பிபிஎஸ்ஸில் அது வெளியேற 0.4 நொடி ஆகும். மாதச் சாமான் வாங்குபவருக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டிக்காக நிற்பவர் மாதிரி, தம்பியின் குரல் அதற்குப் பின்னால் நிற்க வேண்டும். இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர்.

பிளானை 100 ஆக்கினால் போன் அந்த நூறையும் நிரப்பும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் அதற்கு இது பெரிய வேலையே இல்லை. பேக்கப் சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். முடிகிறவரை கால் திக்கும்.

பணம் கட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கேபிளில் இணைத்த லேப்டாப்பில், கூகுளின் சர்வரான 8.8.8.8-க்கு பிங் (தகவல் போய்வர ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடவிட்டு, ஒரு போனில் பெரிய வீடியோவை ஏற்றுங்கள். பத்து மில்லிசெகண்ட் பக்கம் இருந்த எண் சில நூறுக்குத் தாவினால், பிளானை மாற்றிப் பயனில்லை.

ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரௌட்டர் மென்பொருளைப் போடக்கூடிய ரௌட்டர் வாங்கி, வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்க்யூஎம் வசதியை இயக்கி, அதில் ‘கேக்’ முறையைத் தேர்ந்தெடுங்கள். 2018-லேயே லினக்ஸ் கர்னலில் சேர்ந்துவிட்ட முறை இது. ஸ்பீட் டெஸ்ட்டில் வரும் எண்ணில் 90 சதவீதத்தை டவுன்லோடுக்கும் அப்லோடுக்கும் வரம்பாகக் கொடுங்கள். 40 வந்தால் 36. அந்தக் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்தால்தான் வரிசை மோடமில் சேராமல் உங்கள் ரௌட்டரின் பிடியில் இருக்கும். அந்த வீட்டில் இதைச் செய்த அன்றே பேக்கப்பும் ஓடியது, மீட்டிங்கும் ஓடியது. கட்டிய பணம்தான் திரும்பி வரவில்லை. கஸ்டமர் கேரைக் கேட்டாலும் “பிளானை அப்கிரேட் பண்ணுங்க சார்” என்பதுதான் முதல் பதில். எனக்கு இதில் இன்னும் ஆறாத கோபம் உண்டு.

ஆளுக்கு இவ்வளவு என்று பூட்டுவது

40-ஐ நாலாக வகுத்து, ஆளுக்கு 10 என்று ரௌட்டரில் பூட்டிவிடுகிறார்கள். பொங்கலுக்கு மூன்று பேர் ஊருக்குப் போன பிறகும், வீட்டில் இருப்பவருக்கு அதே 10தான். மீதி 30 வீண். கேக்கில் சாதனவாரிப் பங்கீடு இருக்கிறது. நெரிசல் வரும்போது மட்டும் அது சமமாகப் பிரிக்கும். ஒருவர் டாரன்ட்டில் நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் திறந்தாலும் அவருக்கு ஒரு சாதனத்தின் பங்குதான். ‘நேட்’ ஆப்ஷனையும் மறக்காமல் இயக்குங்கள். இல்லையென்றால் வீட்டில் உள்ள எல்லா சாதனமும் அதற்கு ஒரே முகவரியாகத் தெரியும்.

பழைய பெட்டியின் வைஃபையை அணைக்காமல் விடுவது

கம்பெனி கொடுத்த பெட்டியில் நேராக இணைபவர், உங்கள் புது ரௌட்டரைச் சுற்றிக்கொண்டு போகிறார். ஒருவர் போனாலும் மேலே செய்த வேலை அத்தனையும் போச்சு.

100 எம்பிபிஎஸ் ரௌட்டர் போர்ட்டில் 300 எம்பிபிஎஸ் பிளான்

95-ஐத் தாண்டாது. கிகாபிட் போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், கேபிளில் எட்டுக் கம்பியும் கிரிம்ப் ஆகியிருக்க வேண்டும். நாலை மட்டும் போட்டுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

கடைசி ரூமுக்கு ரிப்பீட்டர்

வேண்டாம். கேபிள் இழுத்து, அதன் முனையில் வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட் வையுங்கள்.

காலி செய்து போனவர் பெயரிலேயே கனெக்‌ஷன்

ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும். அவர் பெட்டி கட்டும் முன்பே மாற்றிவிடுங்கள்.