ரயில் நிற்கும் இடத்தில் கடல்: பினாங்குக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

கீழக்கரை, பனைக்குளம், தொண்டி என்று நம் கரையின் ஏதாவது ஓர் ஊரிலிருந்து மலேசியாவின் பினாங்குக்குப் புறப்படும் பிள்ளைகள், பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது என்னைத் தேடி வருகிறார்கள். சம்பளம், தங்குமிடம், விடுமுறை எல்லாவற்றையும் முன்பே விசாரித்துவிடுகிறார்கள். என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "லாத்தா, ரயிலை விட்டு இறங்கினால் யார் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள்?"

யாரும் வர வேண்டாம், நீங்களே போய்விடலாம். பத்தொன்பது ஆண்டுகள் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் குடும்பம் நடத்தினேன். எங்கள் வீட்டில் ஒருநாளும் கார் இருந்ததில்லை. கணவர் விடியுமுன் கடைக்குப் போய்விடுவார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்ததும், காய்ச்சலில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும், ஊரிலிருந்து வந்தவர்களை எதிர்கொண்டு அழைத்ததும் பஸ்ஸிலும் படகிலும் நடையிலும்தான். கார் இல்லாதவரை அந்த ஊர் கைவிடுவதில்லை. ஒன்றை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும்: அது துறைமுகத்தில் பிறந்த ஊர். ஜெட்டி என்னும் படகுத்துறை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் மற்ற இடங்கள் தாமாகவே தெரியவரும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். 1996இல் கைக்குழந்தையோடு கோலாலம்பூரிலிருந்து இரவு ரயிலில் ஏறி, விடியும் நேரத்தில், பினாங்குத் தீவுக்கு எதிரே உள்ள பட்டர்வொர்த்தில் இறங்கினேன். "படகில் ஏறி வா, எதிர்க்கரையில் நிற்கிறேன்" என்று கணவர் சொல்லியிருந்தார். நிலைய வாசலில் ஒரு டாக்சிக்காரர், இன்று படகு ஓடவில்லை என்றார். நம்பி ஏறினேன். பாலத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு போய், ஒரு வாரச் சமையலுக்கான பணத்தை வாங்கிக்கொண்டு ஜெட்டி வாசலில் இறக்கிவிட்டார். அப்போதுதான் ஒரு படகு கரை சேர்ந்து, கூட்டம் கூட்டமாக ஆட்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் என் கணவர் என்னைத் தேடிக்கொண்டிருந்தார். படகு ஓடவில்லை என்று யார் சொன்னாலும், படகுத்துறை வரை நடந்துபோய்ப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

ரயில் ஏன் பினாங்குக்கு உள்ளேயே போவதில்லை என்று கேட்கிறவர்களுக்கு நம் ஊர்க்கதையையே சொல்வேன். பினாங்கு ஒரு தீவு, பட்டர்வொர்த் அதற்கு எதிரே நிற்கும் பெருநிலக் கரை. நம் பாட்டனார் காலத்தில் கொழும்புக்குப் போகிறவர்கள் தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கி, தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. ஆனாலும் சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வரும் ரயிலை இன்றும் போட் மெயில் என்றே சொல்கிறோம். பட்டர்வொர்த்தில் நடப்பதும் அதேதான்: தண்டவாளம் முடிகிறது, கடல் தொடங்குகிறது, படகு காத்திருக்கிறது. பினாங்குப் பாலம் 1985இல் திறக்கப்பட்டது. நம் பாம்பன் சாலைப் பாலம் 1988இல் வந்தது. அதுவரை பாம்பனைக் கடக்க ரயிலை நம்பியிருந்த நமக்கு, படகை நம்பி வாழ்ந்த ஒரு தீவைப் புரிந்துகொள்வது கடினமில்லை.

இனி வழி. நம் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் திருச்சியில் விமானம் ஏறி கோலாலம்பூரில் இறங்குகிறார்கள். விமான நிலையத்திலிருந்து கேஎல் சென்ட்ரல் நிலையத்துக்கு விரைவு ரயிலில் அரை மணி நேரம்தான். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, ஆனால் கட்டணம் மிகக் குறைவு. பசித்தால் நிலையத்தை ஒட்டியே பிரிக்ஃபீல்ட்ஸ் இருக்கிறது, அங்கே தமிழிலேயே கேட்டுச் சாப்பிடலாம். பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் என்னும் மின்ரயில் ஏறத்தாழ நாலு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். டிக்கெட்டுக்குப் பாஸ்போர்ட் எண் வேண்டும், அதனால் ஊரிலிருந்தே கைபேசியில் எடுத்துவிடுவது நல்லது. பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி வாரங்களில் அன்றைக்குப் போய்க் கேட்டால் இடம் கிடைக்காது. பெட்டிக்குள் குளிர் அதிகம், ஒரு சால்வை கையில் இருக்கட்டும். எல்லா ரயிலும் பட்டர்வொர்த்துக்குப் போகாது என்பதையும் கவனியுங்கள். பாடாங் பெசார் போகும் ரயிலில் ஏறியிருந்தால் புக்கிட் மெர்தாஜாமில் இறங்கி, கொம்யூட்டர் என்னும் உள்ளூர் ரயிலில் பட்டர்வொர்த் வர வேண்டும். பகலில் வந்து சேரும்படி ரயிலைத் தேர்ந்தெடுங்கள். நடு இரவில் படகு கிடையாது, அப்போது பாலம் சுற்றிக் காரில் போவதைத் தவிர வேறு வழி இருக்காது.

கேஎல் சென்ட்ரலில் இருக்கும்போதே டச் என் கோ அட்டை ஒன்று வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். கோலாலம்பூர் ரயிலுக்கும் பினாங்கு பஸ்ஸுக்கும் படகுக்கும் அந்த ஒரே அட்டை போதும். தீர்ந்தால் தெருமுனைக் கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் மறுபடி ஏற்றலாம். படகுத்துறையில் ரொக்கத்தை நம்பாதீர்கள், அட்டையைக் கருவியில் தட்டிவிட்டுப் போகிற ஏற்பாடுதான். கட்டணம் 2 ரிங்கிட்.

பட்டர்வொர்த் நிலையத்திலிருந்து வெளியே சாலைக்கு இறங்கிவிடாதீர்கள். பக்கத்திலேயே பினாங்கு சென்ட்ரல் என்ற பெரிய பஸ் நிலையம் இருக்கிறது. அதை ஒட்டி, கூரை போட்ட நடைபாதை படகுத்துறைக்குப் போகிறது. 'ஃபெரி' என்று எழுதிய பலகைகளைப் பின்தொடர்ந்தால் போதும். 2023 ஆகஸ்டு முதல் புதிய படகுகள் ஓடுகின்றன. பழைய படகுகளில் கார்களும் ஏறும், இவற்றில் ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் மட்டும்தான். கடப்பதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு முன்பக்கம் பாருங்கள். ஊருக்கு நடுவே உயர்ந்து நிற்கும் உருண்டைக் கோபுரம்தான் கொம்தார். நகரில் எங்கே வழி தவறினாலும் தலையைத் தூக்கி அதைத் தேடினால் திசை தெரிந்துவிடும்.

தீவுக்கரையில் இறங்கியதும் படகுத்துறைக்குப் பக்கத்திலேயே பஸ் நிலையம் இருக்கிறது. பஸ்ஸின் நெற்றியில் 'ஜெட்டி' என்று போட்டிருக்கும். நகரப் பஸ்களில் பெரும்பாலானவை இங்கே தொடங்கி, கொம்தார் வழியாக வெளியே போகின்றன. நான் போன புதிதில் வெவ்வேறு கம்பெனிகளின் பஸ்கள் ஓடின. பாயான் லெப்பாஸ் பக்கம் மஞ்சள், பத்து ஃபெரிங்கி பக்கம் நீலம் என்று நிறம் பார்த்து ஏறினோம். 2007 முதல் ரேப்பிட் பினாங்கு ஓடுகிறது, இப்போது எண்தான் அடையாளம். 101 கடற்கரையோரமாகப் பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங் போகும். 204 ஆயர் ஈத்தாம் வழியாகப் பினாங்கு மலையடிவாரம் போகும். விமான நிலையப் பக்கத்துக்கு 401. இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டால் முதல் மாதத்தை ஓட்டிவிடலாம். ஜெட்டிக்கும் கொம்தாருக்கும் இடையே பழைய நகரைச் சுற்றி 'கேட்' (CAT) என்ற இலவசப் பஸ் ஒன்றும் ஓடுகிறது. பெட்டியோடு வந்த முதல் நாள் அதற்காகவே காத்திருக்கலாம்.

நம் பிள்ளைகள் திகைத்துப்போவது பஸ்ஸுக்குள்தான். ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரைக்கு ஏறினால் கண்டக்டர் ஊர்ப்பெயரைக் கூவுவார், இடம் வந்தால் தட்டி எழுப்புவார், சில்லறை இல்லாவிட்டால் டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுப்பார். அங்கே கண்டக்டரே கிடையாது. நிறுத்தத்தில் நின்றால் மட்டும் போதாது, கையை நீட்ட வேண்டும், இல்லையென்றால் ஓட்டுநர் போய்விடுவார். முன்வாசலில் ஏறி, போகும் இடத்தைச் சொல்லி, அட்டையைத் தட்டுங்கள். ரொக்கமாகப் போட்டால் மீதி கிடைக்காது. இறங்கும் நிறுத்தத்துக்கு முன்பே மணியை அழுத்திவிடுங்கள். எந்த நிறுத்தம் என்று யாரும் அறிவிக்காமலும் போகலாம், ஆகவே கைபேசி வரைபடத்தைத் திறந்து வைத்திருங்கள். இங்கே நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அங்கே எல்லோருக்கும் உண்டு என்பதைத் தங்கைகள் நினைவில் வைக்கட்டும்.

இன்னொன்று, இதில் நானே பலமுறை ஏமாந்திருக்கிறேன். பழைய நகரில் பல தெருக்கள் ஒருவழிப் பாதைகள். போன பஸ் திரும்பும்போது அதே தெருவில் வராது. இறங்கிய நிறுத்தத்துக்கு நேர் எதிரில் நின்று முக்கால் மணி நேரம் காத்திருப்பதைவிட, இறங்கும்போதே "ஜெட்டிக்குத் திரும்பிப் போகிற பஸ் எங்கே நிற்கும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையில் பழைய நகருக்குள் பஸ்ஸே அதிகம் தேவைப்படாது. ஜெட்டியிலிருந்து லெபோ சூலியா வழியாக மேலே நடந்தால் நாகூர் தர்கா வரும். சற்றுத் தள்ளி 1801இல் காதர் முகைதீன் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அதற்கு அடுத்த தெருக்களில் 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் கோயிலும் தமிழ்க் கடைகளும். எல்லாம் கால்மணி நேர நடைக்குள் இருக்கின்றன. சூலியா என்பதே நம் போன்ற தமிழ் முஸ்லிம்களுக்கு அங்கே வழங்கிய பெயர். ஜாலான் என்றால் சாலை, லெபோ என்றால் தெரு, லோரோங் என்றால் சந்து. கிரி இடது, கானான் வலது, தெருஸ் நேராக. கெடாய் என்று பலகையில் பார்த்தால் அது நம் 'கடை'தான், காப்பால் நம் 'கப்பல்'தான். இந்த இரண்டு சொற்களையும் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கிருந்த பயம் பாதி போய்விட்டது.

கடைகளின் முன்னால் வீட்டுத் திண்ணையைப் போல நீண்டு ஓடும் கூரையிட்ட நடைபாதைக்கு ஐந்தடி என்று பெயர். வெயிலுக்கும் திடீர் மழைக்கும் அதுதான் குடை. ஆனால் கடைக்குக் கடை மட்டம் மாறும், படியும் சாக்கடையும் குறுக்கிடும், மோட்டார் சைக்கிள்கள் வழியை அடைத்திருக்கும். இரவில் காலடியைப் பார்த்து நடங்கள்.

இரவு வெகு நேரமானால், அல்லது பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால், தயங்காமல் கைபேசியில் கிராப் காரை அழையுங்கள். ஏறுமுன்பே கட்டணம் தெரிந்துவிடும். இதற்காகவே வந்த அன்று பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளூர் சிம் வாங்கிவிட வேண்டும். உரிமம் இல்லாமல் நண்பரின் மோட்டார் சைக்கிளை மட்டும் தொடாதீர்கள். வேலை அனுமதியும் அடையாள ஆவணமும் வெளியே போகும்போதெல்லாம் கையில் இருக்கட்டும்.

பின்னாளில் ஊரிலிருந்து உம்மாவையோ மாமியாரையோ அழைத்துக்கொள்வீர்கள். பட்டர்வொர்த் நடைபாதை முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நீளம்தான். கூட்டத்தை முதலில் போகவிட்டு, உட்கார்ந்து உட்கார்ந்து அழைத்து வாருங்கள். ஒரு படகு போனால் அடுத்தது வரும். என் மாமியார் அந்தத் துறையில் இரண்டு படகுகளைப் போகவிட்டுவிட்டு, மூன்றாவதில் சன்னலோரம் இடம் பிடித்து, தனுஷ்கோடியில் கப்பலேறிய தன் வாப்பாவைப் பற்றி எதிர்க்கரை வரும்வரை பேசிக்கொண்டே வந்தார்.